பாறைமேல் வரிசையாக இருந்த சிவப்புப் பழங்கள்

ராயப்பன்பட்டி என் மனைவியின் ஊர். வருடத்துக்கு இரண்டு முறையாவது போகிறேன். ஆனால் மாமனார் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவதைப் பயணக் கட்டுரை என்று போட்டால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள் என்பதால், இதுவரை அந்த ஊரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இந்த ஆகஸ்டில் (2009) போனது வேறு மாதிரி ஆகிவிட்டது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். கடைசியில் சம்பந்தப்பட்டவரிடமே போன் போட்டுக் கேட்டேன். "எழுதுங்க மாப்ள, ஆனா எடத்தச் சொல்லிராதீக" என்றார். பத்து நிமிடத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டு, "இல்ல மாப்ள, எடத்தயும் சேத்தே சொல்லிருங்க" என்றார். அவர் ஏன் மனசு மாறினார் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் வழி. கோவையிலிருந்து வெள்ளிக்கிழமை காலை 6.10 பேருந்து. பழனி, வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்கு 12.20, கட்டணம் 88 ரூபாய். தேனியில் கம்பம் பேருந்தில் ஏறி உத்தமபாளையத்தில் இறங்க வேண்டும், 12 ரூபாய், 55 நிமிடம். வீரபாண்டி தாண்டும்போது முல்லையாற்றில் நல்ல தண்ணீர். உத்தமபாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏழு ரூபாய். திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போகும் அந்தக் கடைசி கால் மணி நேரத்துக்காகவே இந்தப் பக்கம் ஒரு முறை வரலாம். (நான் மோட்டார் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை பார்க்கிறவன். நேரத்தையும் அளவையும் சின்ன நோட்டில் குறிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கிண்டல் செய்ய நினைப்பவர்கள் என் மனைவிக்குப் பின்னால் வரிசையில் நிற்கவும்.)

மனைவியின் அண்ணன் ஞானராஜ், எனக்கு மச்சான். வயது 46. நான்கு ஏக்கர் திராட்சை. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அன்று மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நாளைக்கு வெறகுக்குப் போறோம், வாரீகளா மாப்ள?" என்றார். வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர் இருக்கிறது, எதற்கு விறகு என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற செபஸ்தி சிரித்தார். விறகு என்றால் முயல் வேட்டை. அதன் பெயரை ஊருக்குள் சொல்வதில்லை.

செபஸ்திதான் அந்தக் கூட்டத்துக்கு வலைக்காரர். கொத்தனார் வேலை, நாற்பது வயது இருக்கும். ஒரு கட்டு வலையும் செவலை என்ற நாயும் அவருடைய சொத்து. முயல் வேட்டை சட்டப்படி குற்றம். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் போனேன். சும்மா வேடிக்கை பார்க்கப் போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிபடுகிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் போல.

சனிக்கிழமை காலை 5.05க்குக் கிளம்பினோம். அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். சண்முகாநதி அணை வரை செபஸ்தியின் டிவிஎஸ்ஸில் மூன்று பேரும், நாய் பின்னால் ஓட்டமும். அணைக்கு மேற்கே வண்டியைப் புதருக்குள் தள்ளிவிட்டு நடக்கத் தொடங்கினோம். அங்கே வைத்து செபஸ்தி எனக்குச் சட்டதிட்டம் சொன்னார். முதல் முயல் வலையில் விழும்வரை யாரும் எதுவும் தின்னக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது.

"போன எடத்த எவன்ட்டயும் சொல்லக் கூடாது மாப்ள. பொஞ்சாதிட்டயும் சொல்லக் கூடாது. பாரஸ்ட்டுக்காரனுக்குக் காத்துவாக்குல போனாலும் போச்சு, எல்லாருக்கும் சோலி முடிஞ்சுரும்."

காலை முழுக்க மூன்று இடத்தில் வலை கட்டினோம். காரையும் சூரையும் கள்ளியுமாக வறண்ட அடிவாரம். செவலை புதர் புதராக நுழைந்து விரட்டியது. ஒரு முயலும் வரவில்லை. முயல் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது, ஆனால் பசி வயிற்றைக் கிள்ளியது. பத்து மணிக்கெல்லாம் மச்சான் பேச்சைக் குறைத்துவிட்டார். அவருக்கு வேர்த்து ஊற்றியது. வெயில் என்று நினைத்தேன். இன்னும் மேலே போனால் ஓடைக்கு அந்தப் பக்கம் முயல் கிடக்கும் என்று செபஸ்தி சொன்னதால் ஏறினோம்.

11.50க்கு அந்த இடத்துக்கு வந்தோம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து என் கணக்கில் ஐந்து கிலோமீட்டர். காய்ந்த ஓடைக்கு மேலே ஒரு செங்குத்துப் பாறை, அதன் அடியில் சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு மொட்டைப் பாறை. அதுவரை எங்களோடு வந்துகொண்டிருந்த குருவிச் சத்தம் அங்கே இல்லை என்பதை நான் உடனே கவனிக்கவில்லை. செவலை நின்றதும்தான் கவனித்தேன். பாறைக்குப் பத்தடி முன்னாலேயே அது உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை, உறுமவில்லை. பாறைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு வாலைக் காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டது.

பாறைமேல் பழங்கள் இருந்தன. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. முதல் வரிசை வற்றிக் கருத்து, கடுக்காய் போலச் சுருங்கிக் கிடந்தது. இரண்டாவது வரிசை பழுப்பாகச் சுருக்கம் விழுந்து இருந்தது. மூன்றாவது வரிசை புத்தம் புதிது. கோழிமுட்டை அளவு, இரண்டு முனையும் கூம்பி, இரத்தச் சிவப்பில் மினுமினுத்தது, நீளமான காம்போடு. யாரோ பந்தி பரிமாறிவிட்டுப் போனது மாதிரி இடைவெளி பிசகாமல் வைத்திருந்தார்கள். ஒரு பழத்தில்கூட அலகு பட்ட தடம் இல்லை, அணில் கடித்த தடம் இல்லை. குனிந்து பார்த்தேன், எறும்புகூட இல்லை. சுற்றி முப்பது மீட்டருக்கு நடந்து பார்த்தேன். அந்தப் பழம் காய்க்கிற மரமோ கொடியோ கண்ணில் படவில்லை. உச்சி வெயிலில் எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது.

"என்ன பழம் இது?" என்று கேட்டேன்.

செபஸ்தி தொடாமலே பார்த்தார். "இந்த மலையில காய்க்கிற பழம் பூராம் எனக்குத் தெரியும். இது இங்கன உள்ளதில்ல மாப்ள. வாங்க, போயிருவோம்."

நாங்கள் திரும்புவதற்குள் மச்சான் ஒன்றைக் கடித்துவிட்டார். கடித்தார் என்பதுகூடச் சரியில்லை, தோலோடு வாயில் திணித்தார். தாடையில் சிவப்பாகச் சாறு வழிந்தது. உள்ளே கருஞ்சிவப்பாகக் கூழும் விதையுமாக இருந்தது. செபஸ்தி ஓடிவந்து கையைத் தட்டுவதற்குள் இரண்டாவதும் உள்ளே போய்விட்டது. மூன்றாவதை எடுக்க நீட்டிய கை வெடவெடவென்று ஆடியது. "பசிக்குதுடா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. மச்சான் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

தொழில் புத்தி போகாது. மிச்சம் இருந்த மூன்றில் ஒன்றைச் சாம்பிள் மாதிரி கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

12.25க்கு மச்சான் பக்கத்தில் இல்லாத யாருக்கோ பதில் சொல்ல ஆரம்பித்தார். மெதுவான குரலில், "ஆமா, ஆமா, வந்துர்றேன்" என்று. என்னைப் பார்த்து வேறு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சிரித்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, தொட்டால் ஐஸ் மாதிரி குளிர்ந்தது. நானும் செபஸ்தியும் அவர் கையை ஆளுக்கொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினோம். வலையை அங்கேயே விட்டுவிட்டோம். 1.40க்கு ஒரு மரத்தடியில் உட்கார வைத்தபோது அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்போதே நோட்டில் எழுதினேன். "வீட்டுக்குக் கொண்டு போங்கடா. தோட்டத்துல போட்டுட்டுப் போயிறாதீகடா."

செபஸ்தியின் முகம் செத்துப்போனது. "என்னத்த எழுதுறீக, தூக்குங்க" என்று கத்தினார்.

இறங்கும் வழியெல்லாம் என் மண்டைக்குள் ஒரே கேள்வி. என்ன பழம் அது? பெயர் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லலாம், முறிவு மருந்து இருந்தால் கொடுப்பார். தெரியாவிட்டால் மச்சான் என் கண் முன்னாலேயே போய்விடுவார். மனைவியிடம் என்ன சொல்வது? முயல் பிடிக்கப் போனோம், உன் அண்ணன் செத்துப்போனார் என்றா? பயத்தில் எனக்கு அழுகை வந்தது. செபஸ்தி பார்க்காத மாதிரி துடைத்துக்கொண்டேன்.

சாலை தெரிந்ததும் செபஸ்தி நின்றார். "மாப்ள, யாரு கேட்டாலும் தோட்டத்து வேலியில பறிச்சதுன்னுதேன் சொல்லணும். காலையில வீட்டுல சாப்பிட்டுட்டு மருந்தடிக்கப் போனோம், அங்கன பறிச்சுத் தின்னாரு. சரியா? வீட்டுல அக்காவுக்கு இப்ப போன் போடாதீக, ஊரக் கூட்டிரும்."

நானும் தலையாட்டினேன். இதை மறைக்க விரும்பவில்லை. வழக்கு, வேலை, கம்பெனி என்று எல்லாம் அந்த நேரத்திலும் எனக்கு ஞாபகம் வந்தது.

மச்சானை டிவிஎஸ்ஸில் உட்கார வைக்க முடியாது என்று சாலையோரமே காத்திருந்தோம். 4.15க்கு ஒரு ஜீப் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தினமும் விடிவதற்கு முன் இங்கிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரளா ஏலத்தோட்டங்களுக்குப் போகும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும். டிரைவர் தலையை நீட்டி, "எங்கனண்ணே ஏத்துறது? பதினேழு பேரு இருக்காக" என்றார். மச்சானின் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சு பேசவில்லை. பின்னால் இருந்த பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் ஏறி இடம் விட்டார்கள். மச்சானைக் குறுக்கே கிடத்தினோம். உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம்.

"என்னத்தத் தின்னாக?" என்றார் ஒரு பெண்.

கைக்குட்டையைப் பிரித்தேன். என் உடம்புச் சூட்டில் பழம் நசுங்கி ஒரு பக்கம் பிளந்திருந்தது. கருஞ்சிவப்புக் கூழ் வெளியே வந்திருந்தது.

"எங்கன பறிச்சது?"

"தோட்டத்து வேலியில" என்றார் செபஸ்தி.

"அய்யய்யோ, வேலியில படந்ததுன்னா கொரட்டப் பழம்ல! செகப்பா இருக்கும், உள்ள கருப்பா இருக்கும். வெசம்த்தா அது. கொடலப் புடுங்கிரும்."

பின்னால் இருந்த எல்லோரும் அதை ஆமோதித்தார்கள். பெயர் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரு வினாடி நிம்மதிகூட வந்தது. ஒரு பெண் டிபன் கூடையிலிருந்து உப்பை எடுத்துத் தண்ணீரில் கரைத்து மச்சான் வாயில் ஊற்றினார். கொஞ்சம் வாந்தி வந்தது. இன்னொரு பெண்ணிடம் பிளாஸ்கில் வெல்லம் போட்ட கடுங்காப்பி மிச்சம் இருந்தது. வாந்தி எடுத்தவருக்கு ஒரு வாய் கொடுக்கலாமே என்று அவர் மூடியில் ஊற்றினார். கொரட்டை என்று சொன்ன பெண் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இனிப்புக் குடுக்காத! வெசத்துக்கு மேல இனிப்பு பட்டா ரத்தத்துல சடார்னு ஏறிரும்."

காப்பி திரும்பப் பிளாஸ்குக்குள் போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். பேசிக்கொண்டிருந்ததைவிட அது பயமாக இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பாறைக்குப் பின்னால் செவலை பார்த்துக்கொண்டிருந்த மாதிரி, ஜீப்பின் கூரைக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறோம், அந்தப் பெயர் ஒரு பொய்யிலிருந்து வந்தது. அளவு தப்பாகக் கொடுத்துவிட்டு, செய்த உருப்படி சரியில்லை என்று யாரைக் கேட்பது? எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வேலியில பறிக்கலைங்க" என்றேன். செபஸ்தி என் தொடையைக் கிள்ளினார். நான் நிறுத்தவில்லை. "முயல் வேட்டைக்குப் போனோம். மலைமேல ஒரு ஓடையைத் தாண்டி, செங்குத்துப் பாறைக்கு அடியில ஒரு மொட்டைப் பாறை. அது மேல யாரோ வச்சிருந்தாங்க."

முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அதுவரை எங்கள் பக்கம் திரும்பாதவர், மெல்லத் திரும்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும். வேலைக்குப் போடும் ஆண்கள் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டிருந்தார்.

"அஞ்சஞ்சா வச்சிருந்துச்சா?" என்றார்.

எத்தனை என்று நான் சொல்லவே இல்லை. ஆமாம் என்றேன்.

"இங்கன குடுங்க."

கைக்குட்டையோடு வாங்கினார். முகர்ந்து பார்க்கவில்லை, பிதுக்கிப் பார்க்கவில்லை. பிளந்திருந்த பக்கத்திலேயே கடித்தார். பின்னால் இருந்த பெண்கள் "ஏ பாண்டியம்மா!" என்று கத்தினார்கள். அவர் மென்று விழுங்கிவிட்டு, மிச்சத்தையும் தோலை உரித்துத் தின்று முடித்தார்.

"இது மரத்தக்காளி. எங்க எஸ்டேட்டு பங்களாவுக்குப் பின்னால ரெண்டு மரம் நிக்கிது. மொதலாளி வீட்டுப் பிள்ளைக தெனம் திங்கிதுக. இதத் தின்னு யாரும் சாகல."

அப்படியென்றால் மச்சானுக்கு என்ன? பழம் இல்லை என்றதும் என் தைரியம் மொத்தமும் போய்விட்டது. அதுவரை அந்தப் பழத்தையாவது பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாண்டியம்மா சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி மச்சானின் நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார். "குளுந்து வேக்குதே. எங்க கங்காணிக்கு இப்பிடித்தேன் வரும். சக்கர இருக்கா இவுகளுக்கு?"

"இல்ல இல்ல" என்றோம், நானும் செபஸ்தியும் ஒரே குரலில்.

"வீட்டுல கேளுங்கண்ணே. ஆம்பளைக ஒங்களுக்கு என்ன தெரியும்."

மச்சான் மனைவிக்குப் போன் போட்டேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நடந்ததைச் சொல்லி, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு மாப்ள. ரெண்டு வருசமா இருக்கு. கூட்டாளிக கேலி பேசுவாகன்னு யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக. காலையில கெளம்பும்போது மாத்திரை போட்டாகளே... சாப்பிடலயா? காலையில இருந்து சாப்பிடலயா?" என்று அலறினார்.

அந்தக் கடுங்காப்பியைச் சொட்டுச் சொட்டாக அவர் வாயில் விட்டோம். நிமிர்த்தி உட்கார வைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து விட்டோம். 4.46க்கு முதல் வாய். 4.58க்கு மச்சான் கண்ணை முழுசாகத் திறந்து, சுற்றி உட்கார்ந்திருந்த பதினேழு பெண்களையும் பார்த்து, "எங்கன இருக்கேன், யாரு கலியாணம்?" என்றார். ஜீப்பே சிரித்தது. செபஸ்தி மட்டும் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன், வேட்டை உட்பட. எழுதிக்கொண்டே, "எனக்கு மாத்திரை பேரும் நேரமும்தான் வேணும், முயல் கதையெல்லாம் வெளியில வச்சுக்குங்க" என்றார். உப்புத் தண்ணீர் ஊற்றியதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் கழித்தும் சர்க்கரையைத் திரும்ப இறக்கிவிடும் என்று இரண்டு இரவு குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். மொத்தச் செலவு 2,350 ரூபாய். ஜீப்பை உத்தமபாளையத்துக்குத் திருப்பியதற்கு டிரைவர் காசு வாங்கவில்லை.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: அணைக்குப் போக ராயப்பன்பட்டியிலிருந்து ஆட்டோ கிடைக்கும். போகவர 80 ரூபாய் கேட்பார்கள், 60க்கு வருவார்கள். அணைக்கு மேற்கே மலையில் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள். முயலை விட்டுவிடுங்கள், எங்களை மாதிரி புத்தி கெட்டுப் போகாதீர்கள். சர்க்கரைக்காரர் யாராவது கூட வந்தால் பையில் கடலை மிட்டாயும் குளுக்கோஸும் இருக்கட்டும், மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். தெரியாத பழத்தைக் காட்டி யாரிடமாவது பெயர் கேட்டால், எங்கே கிடைத்தது என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். இடத்தை மாற்றிச் சொன்னால் பழத்தின் பெயரும் மாறிவிடுகிறது, கொடுக்கிற மருந்தும் மாறிவிடுகிறது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் பாண்டியம்மா வீட்டுக்குப் போனேன். அடிவாரத்தில் இருபது வீடுள்ள ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். நன்றி சொல்லத்தான் போனேன். எத்தனை பழம் என்று எப்படித் தெரியும் என்று கேட்பதற்கும்தான். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே சொன்னார்.

"வச்சதே நாந்தேண்ணே. எங்க வீட்டுக்காரரு அடிபட்ட எடம் அது. ரெண்டு வருசத்துக்கு முன்னால வேட்டைக்குப் போயி அந்தப் பாறையில இருந்து விழுந்துட்டாரு. கூடப் போனவுக பயந்துக்கிட்டு, பொழுது சாயுற வரைக்கும் மலையிலயே வச்சிருந்து, பொறகு கொண்டாந்து ஒரு தோட்டத்துல கெடத்திட்டு, மோட்டார் ரூம்பு மேல இருந்து விழுந்தான்னு சொல்லிட்டாக. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உசுரு போயிருச்சு. நானும் நம்பி, அமாவாசைக்கு அமாவாசை அந்தத் தோட்டத்துலயே போயிப் படையல் வச்சேன். ஒரு காக்கா எறங்கல."

அலசிய துணி ஒன்றைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தார்.

"நாலு மாசத்துக்கு முன்னால அதுல ஒருத்தரு குடிச்சுட்டு வந்து காலுல விழுந்து உண்மையச் சொன்னாரு. அதுல இருந்து அங்கன போறேன். நான் எஸ்டேட்டுல இருந்து அந்தப் பழத்தக் கொண்டாந்தா அவருக்கு உசுரு. அஞ்சு கொண்டாந்தா அஞ்சயும் தின்னுருவாரு. மூணு அமாவாச வச்சேன். அங்கனயும் ஒண்ணும் தொடல. எறும்புகூடத் தொடல. எம்மேல என்ன கோவமோன்னு தெனமும் அழுவேன்."

மச்சான் மரத்தடியில் சொன்னது என் நோட்டில் இருந்தது. அதை அவரிடம் நான் காட்டவில்லை. பிறகு செபஸ்தியிடம் கேட்டேன். இந்த விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றார், மச்சானுக்கும் தெரியும். ஆனால் எந்தப் பாறை என்பது போனவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்றார். கேட்டது மூளையில் கிடந்து மயக்கத்தில் வெளியே வந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் இரண்டாவது முறை புரட்டிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது பாண்டியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தண்ணன் ரெண்டு பழம் முழுசாத் தின்னாகளா? நெசமாவா?" ஆமாம் என்றேன். "அப்ப அடுத்த அமாவாசைக்கு அவுக வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கட்டுமாண்ணே? வேதக்கார வீடு, சர்ச்சுக்குப் போறவுக, வேண்டாம்பாகளோ?"

போன வெள்ளிக்கிழமை அமாவாசை. மாலை ஆறு மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கி, எஸ்டேட் சட்டையைக்கூடக் கழற்றாமல், மடியில் ஐந்து பழத்தோடு வந்தாராம். ஊருக்குப் போயிருந்த என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எனக்குப் போனில் சொன்னாள். மச்சான் முகம் கழுவி, வேட்டி மாற்றி, இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் ஒரு பழம்தான் தின்னலாம் என்று சொல்லியிருக்கிறார். அக்கா தோலை உரித்து ஒன்றை மட்டும் இலையில் வைத்தாராம். உட்காரச் சொல்லியும் கேட்காமல் பாண்டியம்மா வாசலிலேயே நின்று, அவர் ஒவ்வொரு வாயாகத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தின்று முடித்து, இலையை மடக்கிவிட்டு நிமிர்ந்து, "வயிறு நெறஞ்சிருச்சுத்தா" என்றார். அதற்கப்புறம்தான் அந்தப் பெண் உள்ளே வந்து உட்கார்ந்தாராம், ஒரு வாய்த் தண்ணீர் கேட்டாராம்.